ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்ம்' சத்தம்: வீட்டு ஆடியோ இணைப்புகளில் இரைச்சலையும் எர்த் கோளாறையும் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

ஆம்ப்ளிஃபையரில் இரைச்சல் வந்தால் பலரும் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, விலை உயர்ந்த கேபிள் வாங்குகிறார்கள். இன்னொன்று, மூன்று பின் பிளக்கில் இருக்கும் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். முதலாவது பணத்துக்குக் கேடு, இரண்டாவது உயிருக்குக் கேடு. எர்த் பின்னைக் கழற்றினால் பல நேரங்களில் இரைச்சல் நின்றுவிடும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தக் கெட்ட வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆனால் அப்படிக் கழற்றிய கருவிக்குள் என்றாவது இன்சுலேஷன் போய், ஃபேஸ் ஒயர் உலோகப் பெட்டியில் பட்டால், அந்த 230 வோல்ட் ஆடியோ கேபிளின் மேலுறை (சிக்னல் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வழியாக மற்றக் கருவிகளின் பெட்டிக்கும் போய்ச் சேரும். அதைத் தொடுபவர்தான் எர்த் ஆவார்.

எனவே இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாத் தீர்வுகளும் ஒரே விதியின்கீழ் வருகின்றன: மின்சாரப் பிளக்கின் எர்த்தில் கை வைக்க மாட்டோம், சிக்னல் போகும் பாதையில்தான் கை வைப்போம். தேவையான பொருள்கள் அதிகமில்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு ஆர்சிஏ பின்கள் (ஆடியோ கேபிளின் முனையில் இருக்கும் உருண்டைப் பின்), கொஞ்சம் ஈயம், பிறகு பொறுமை.

முதல் படி: சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்

இரைச்சல் எல்லாம் ஒன்றல்ல. எதையும் பிடுங்குவதற்கு முன் அது என்ன சத்தம் என்று கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆழமான, மழுங்கிய 'ம்ம்ம்' என்ற ஹம்மிங் கேட்டால் அந்த 50 ஹெர்ட்ஸ் நேரடியாக சிக்னலில் கலக்கிறது என்று பொருள். பெரும்பாலும் எர்த் வளையம், அதாவது கிரவுண்ட் லூப்தான் காரணமாக இருக்கும். அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் பக்கத்துக் கேபிளில் ஏறியிருக்கும். சத்தம் சற்றுக் கூர்மையாக, வண்டு ரீங்காரமிடுவதுபோல் இருந்தால் அதில் 100 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் இருக்கின்றன. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு அடுத்து வரும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வலுவிழந்தாலும், டிம்மர் அல்லது எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்தில் இருந்தாலும், செல்போன் சார்ஜர் வகை எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) கசிந்தாலும் இந்தச் சத்தம் வரும். கிரவுண்ட் லூப்பிலும் இந்த மேல் அதிர்வெண்கள் கலந்து வரக்கூடும் என்பதால், காதில் பட்டது முதல் ஊகம் மட்டுமே.

'டட்-டட்-டட்' என்று வெட்டி வெட்டி வந்தால் பக்கத்தில் இருக்கும் செல்போனைத் தூர வையுங்கள். பழைய 2ஜி இணைப்பில் போன் நொடிக்கு 217 முறை துடிப்பாக அலை அனுப்புவதால் வரும் சத்தம் அது. மவுஸை அசைத்தால் 'கீச்' என்று மாறும் சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. 'ஸ்ஸ்ஸ்' என்ற சீரான சீறல் எர்த் சிக்கலே அல்ல. சோர்ஸின் (டிவி, சிடி பிளேயர் போன்று ஒலி தரும் கருவியின்) ஒலியைக் குறைத்து வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரில் ஏற்றிக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். அதைத் தலைகீழாக்கினால் போதும்.

இன்னொன்று, சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, பெட்டியிலிருந்து வருகிறதா? ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் மேல் காதை வைத்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரே அதிர்ந்து உறுமினால் கேபிள் மாற்றிப் பயனில்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் அப்படி உறுமினால், அந்த இன்வெர்ட்டர் சைன் அலை தராமல் சதுர அலை தருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக வால்யூமை முழுவதும் குறையுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால் இருக்கிறது: பவர் ஆம்ப், பவர் சப்ளை, அல்லது தனியாக இணைத்த சப்வூஃபர். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் கோளாறு முன்னால், சோர்ஸ் பக்கம்.

இரண்டாம் படி: எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டுங்கள்

இந்தப் படியை யாரும் முழுமையாகச் செய்வதில்லை. இரண்டு கேபிளை அசைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்.

கேபிள்களை மாட்டும்போதும் கழற்றும்போதும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். ஆர்சிஏ பின்னை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். நடுவில் நீளமான சிக்னல் முனை, அதைச் சுற்றிக் குட்டையான எர்த் வளையம். செருகும்போது நடுமுனைதான் முதலில் தொடுகிறது. எர்த் சேராத அந்தக் கணத்தில் வரும் 'டர்ர்ர்' சத்தம் ட்வீட்டரை (உயர்ந்த ஒலிக்கான சிறிய ஸ்பீக்கரை) கூடக் கெடுத்துவிடும்.

இப்போது ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஆண்டெனா ஒயர், எச்டிஎம்ஐ, சப்வூஃபர் கேபிள், லேன் கேபிள் எதையும் விடாதீர்கள். ஆன் செய்து கேளுங்கள். காலியாக இருக்கும் இன்புட் தானாகவே கொஞ்சம் இரைச்சலைப் பிடிக்கும் என்பதால், ஒரு சிறிய சோதனைப் பின் செய்துகொள்ளுங்கள்: ஆர்சிஏ பின்னின் நடுமுனையையும் மேல் வளையத்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து ஈயம் வைத்துவிடுங்கள். இடது, வலது இரண்டுக்கும் இதைச் செருகிய பிறகும் ஹம்மிங் இருந்தால், கோளாறு ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கிறது. இந்தப் பின்னை இன்புட்டில் மட்டுமே செருக வேண்டும், எந்தக் கருவியின் அவுட்புட்டிலும் அல்ல.

அமைதியாக இருந்தால் சோதனைப் பின்னை எடுத்துவிட்டு ஒரு சோர்ஸை மட்டும் மாட்டுங்கள். ஆனால் அதன் மின்பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதும் பிடுங்கி வைத்திருங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, எர்த் பின் தொடர்பில்தான் இருக்கும். இந்த நிலையிலேயே ஹம்மிங் வந்தால் கேபிளின் மேலுறை அறுந்திருக்கிறது, அல்லது கேபிள் ஏதோ ஒரு அடாப்டரின் மேல் கிடக்கிறது. வராவிட்டால் மின்பிளக்கை மாட்டுங்கள். இப்போது வந்தால் கிரவுண்ட் லூப் அல்லது கசிவு. அப்போதும் வராமல், அந்த சோர்ஸில் கேபிள் டிவி ஒயரைத் திருகிய நொடியில் வந்தால், குற்றவாளி அந்த ஒயர்.

இப்படியே அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.

கிரவுண்ட் லூப் என்பது என்ன?

ஆம்ப்ளிஃபையரும் டிவியும் தனித்தனிப் பாயிண்டுகளில் எர்த் ஆகியிருக்கின்றன. இரண்டையும் ஒரு ஆர்சிஏ கேபிள் இணைக்கிறது. அந்தக் கேபிளின் மேலுறை, சுவருக்குள் ஓடும் எர்த் ஒயர் இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுகின்றன. இரண்டு எர்த் முனைகளுக்கும் இடையே சிறிய வோல்டேஜ் வித்தியாசம் எப்போதும் இருக்கும். அதனால் மேலுறை வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடுகிறது. ஆர்சிஏ கேபிளில் சிக்னல் திரும்பி வருவதும் அதே மேலுறை வழியாகத்தான். குடிநீரும் சாக்கடை நீரும் ஒரே வாய்க்காலில் ஓடுகிற கதை இது.

கணக்கு போட்டால் இன்னும் தெளிவாகும். மேலுறையின் தடை 0.1 ஓம், அதில் ஓடும் மின்னோட்டம் 5 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.5 மில்லிவோல்ட் ஹம்மிங் சிக்னலோடு சேர்கிறது. வீட்டுக் கருவிகளின் லைன் அளவு 316 மில்லிவோல்ட். இரைச்சல் 600 மடங்குக்கு மேல் சிறியது, சுமார் 56 டெசிபல் கீழே. கேட்கவா போகிறது என்று தோன்றும். இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு மெல்லிசை கேட்க உட்காருங்கள், நன்றாகவே கேட்கும்.

மேலுறையின் தடை குறைந்தால் ஹம்மிங்கும் குறையும். அதனால் கனமான மேலுறை உள்ள குட்டைக் கேபிளுக்கு மதிப்பு உண்டு. தங்க முலாமுக்கும் பளபளப்பான துணிச் சுற்றுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

மூன்றாம் படி: வளையத்தை உடையுங்கள்

செலவில்லாத வழியிலிருந்து தொடங்குவோம். ஆடியோவோடு தொடர்புள்ள எல்லாக் கருவிகளையும், டிவி, செட்டாப் பாக்ஸ், சப்வூஃபர் உட்பட, ஒரே சுவர்ப் பாயிண்டிலிருந்து வரும் ஒரே தரமான மூன்று பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். எர்த் முனைகளுக்கு இடையிலான தூரம் சில அடிகளாகச் சுருங்கிவிடுவதால் வோல்டேஜ் வித்தியாசமும் சுருங்கிவிடும். சாதாரண வீட்டு ஆடியோ எடுக்கும் மின்சாரத்தை ஒரு பாயிண்ட் தாராளமாகத் தாங்கும். அதே பெட்டியில் அயர்ன் பாக்ஸையோ ஹீட்டரையோ மட்டும் மாட்டாதீர்கள். மலிவான சில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் மூன்று துளைகள் இருந்தாலும் உள்ளே எர்த் ஒயர் இருக்காது. பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அதன் பெரிய எர்த் பின்னுக்கும் பெட்டியின் எர்த் துளைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து டிவி வழி வரும் ஹம்மிங். கேபிள் டிவியின் கோஆக்சியல் ஒயர் தெருவின் பல வீடுகளையும் கம்பங்களையும் தொட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் வருகிறது. அதன் மேலுறைக்கு வேறொரு எர்த். ஒயர் செட்டாப் பாக்ஸில் நுழையும் இடத்தில் சிக்னலை விட்டுவிட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஒரு கோஆக்சியல் ஐசொலேட்டர் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டிடிஎச் டிஷ்ஷுக்கு இந்த வழி ஒத்துவராது. டிஷ்ஷின் முனையில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி, அதே ஒயர் வழியாக 13 அல்லது 18 வோல்ட் டிசி மின்சாரத்தைப் பெற்றுத்தான் இயங்குகிறது. ஐசொலேட்டர் அந்த டிசியைத் தடுத்துவிடும், படமே வராது. மொட்டை மாடியில் டிஷ் கம்பத்துக்குக் கொடுத்திருக்கும் எர்த்தையும் அவிழ்க்கக் கூடாது, அது இடிக்காகப் போட்டது.

டிடிஎச் வீடுகளில் சிறந்த வழி ஆப்டிகல் கேபிள். ஒளிதான் போகிறது, செம்பு இல்லை, எனவே வளையமும் இல்லை. ஜப்பானின் தோஷிபா 1983இல் கொண்டுவந்த டாஸ்லிங்க் என்ற இந்த இணைப்பு இன்றும் பெரும்பாலான டிவிகளில் இருக்கிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு எர்த் வந்தாலும், டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒளி மட்டுமே போவதால் ஹம்மிங் அங்கேயே நின்றுவிடும். ஆம்ப்ளிஃபையரில் ஆப்டிகல் இன்புட் இல்லாவிட்டால் டிஜிட்டல் ஒலியைச் சாதாரண ஆடியோ சிக்னலாக மாற்றும் டிஏசி ஒன்றைத் தனியாகச் சிறியதாக வாங்கிக்கொள்ளலாம். என் பரிந்துரை எப்போதும் இதுதான்.

ஆப்டிகலுக்கு வழியில்லாத இடத்தில், 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரை ஆர்சிஏ பாதையில் போடலாம். சிக்னல் காந்தம் வழியாகத் தாவும், எர்த் தாவாது. ஆனால் மலிவான ஐசொலேட்டரில் இருக்கும் நெல்லிக்காய் அளவு டிரான்ஸ்ஃபார்மர் ஆழமான பேஸைத் தாங்காது, மிருதங்கத்தின் தொப்பி மெலிந்துபோகும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துங்கள். நிரந்தரமாக வைக்க வேண்டுமென்றால் நல்ல டிரான்ஸ்ஃபார்மருக்குச் செலவிடுங்கள்.

வீட்டு எர்த் உண்மையிலேயே இருக்கிறதா?

இரண்டு இடத்தில் எர்த் ஆவது ஒரு சிக்கல் என்றால், எங்குமே எர்த் ஆகாமல் இருப்பது இன்னொரு சிக்கல். ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் புறங்கை பட்டால் சுருக்கென்று கூசுகிறதா? லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டவுடன் ரீங்காரம் குறைகிறதா? அப்படியென்றால் எர்த் இல்லை.

எஸ்எம்பிஎஸ் அடாப்டர்களுக்குள் மின்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் இணைக்கும் ஒரு சிறிய கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாகக் கசியும் நுண்ணிய மின்னோட்டத்தால், எர்த் இல்லாத பெட்டி மிதந்து நிற்கும். மல்டிமீட்டரில் 100 வோல்ட் வரை கூடக் காட்டும். ஆளைக் கொல்லும் அளவு மின்னோட்டம் அதில் இல்லை, ஆனால் ஆடியோ கேபிளில் இறங்கி ரீங்காரமாகக் கேட்பதற்குப் போதும். இரண்டு பின் கருவிகள் மட்டுமே உள்ள அமைப்பில், மூன்று பின் கொண்ட ஒரே ஒரு கருவி சேர்ந்தால் சத்தம் அடங்கிவிடுவதைப் பார்க்கலாம்.

சாக்கெட்டில் அளக்கத் தெரிந்தவர்கள் மீட்டரை ஏசி 750 வோல்ட் அளவில் வைத்து அளக்கலாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் சுமார் 230 வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ஃபேஸ்-எர்த் எண் பாதியாக நின்றாலோ, அலைந்துகொண்டே இருந்தாலோ, அந்தத் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருக்கலாம். பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம். அளக்கத் தயக்கமாக இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள். மீட்டரில் எண் சரியாக வந்தாலும் எர்த் வலுவாக இருக்கிறதா என்பதை அவர் பல்பு போட்டுப் பார்ப்பார். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அந்தச் சோதனையில் அது விழுந்துவிடும், விழத்தான் வேண்டும்.

எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த் துளையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால், அன்று உங்கள் ஆம்ப்ளிஃபையர் பெட்டி முழுவதும் ஃபேஸ் ஏறி நிற்கும். அப்படிச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். முறையான எர்த் குழி போட்டு, கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

டர்ன்டேபிள்: தனி கவனம் வேண்டிய கருவி

இசைத்தட்டுப் பிரியர்களுக்கு ஹம்மிங் தொல்லை ஏன் அதிகம் என்றால், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் தரும் சிக்னல் அவ்வளவு சிறியது. மூவிங் மேக்னெட் வகை தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். ஃபோனோ ப்ரீஆம்ப் அதை நூறு மடங்கு பெருக்குகிறது. அதற்கு மேல், 1950களில் நிலைபெற்ற ஆர்ஐஏஏ வளைவு என்ற பதிவுத் தரத்தின்படி இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த பேஸை ப்ரீஆம்ப் திரும்ப உயர்த்துகிறது. 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ் சுமார் 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்கப்படுகிறது. நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணே அதுதான். மற்ற இன்புட்டில் காதுக்கே எட்டாத ஹம்மிங் இங்கே ஸ்பீக்கரை நிரப்பிவிடும்.

டர்ன்டேபிளின் பின்னாலிருந்து ஆர்சிஏ கேபிள்களோடு ஒட்டி ஒரு மெல்லிய ஒயர் வரும், முனையில் குதிரை லாட வடிவத்தில் சிறிய உலோகத் தகடு இருக்கும். அதை ப்ரீஆம்பின் 'கிரவுண்ட்' திருகின் கீழ் வைத்து இறுக்க வேண்டும். பலர் அதை உதிரி ஒயர் என்று சுருட்டி வைத்துவிடுகிறார்கள். திருகு கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டு மாட்டுங்கள். ப்ரீஆம்ப் உள்ளேயே அமைந்த சில டர்ன்டேபிள்களில் இந்த ஒயர் இருக்காது, அது குறையல்ல.

ஒயர் சரியாக இருந்தும் உறுமுகிறதென்றால், தட்டைச் சுழலவிடாமல், டோன்ஆர்மை (கார்ட்ரிட்ஜ் பொருத்திய கம்பியை) கையில் பிடித்து மெதுவாகத் தட்டின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். இடத்துக்கு இடம் சத்தம் மாறினால் அது எர்த் கோளாறு அல்ல, கார்ட்ரிட்ஜ் பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. ஆம்ப்ளிஃபையரை இரண்டடி தள்ளி வையுங்கள்.

ஒரே பக்கம் மட்டும் உறுமினால் டோன்ஆர்ம் முனையில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றிப் பாருங்கள். முடி போன்ற நான்கு ஒயர்கள்: வெள்ளை இடப்பக்கச் சிக்னல், நீலம் அதன் எர்த், சிவப்பு வலப்பக்கச் சிக்னல், பச்சை அதன் எர்த். நீலமோ பச்சையோ பின்னிலிருந்து நழுவியிருக்கும். சிறிய இடுக்கியால் மெல்லச் செருகுங்கள்.

லேப்டாப்பும் கம்ப்யூட்டரும்

லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியவுடன் சத்தம் நின்றால் விடை கிடைத்துவிட்டது. சார்ஜர் மூன்று பின் என்றால் கிரவுண்ட் லூப், இரண்டு பின் என்றால் கசிவு. யுஎஸ்பி டிஏசி வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னால் யுஎஸ்பி ஐசொலேட்டர் போடலாம். லேன் கேபிளைப் பொறுத்தவரை, சாதாரணக் கேபிளில் போர்ட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே எர்த்தைப் பிரித்துவிடும். உலோக உறை உள்ள கேபிள்தான் வளையத்தை உண்டாக்கும்.

அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிச் செய்த பெட்டிகள் நம் ஊரில் ஏராளம். அவற்றில் ஹம்மிங் வர முக்கியக் காரணம் எர்த் ஒயர்களைக் கண்ட இடத்தில் சேர்ப்பதுதான். ஃபில்டர் கெப்பாசிட்டரின் நடு இணைப்பை ஒரே எர்த் புள்ளியாக வைத்துக்கொண்டு, ஆம்ப் போர்டு, ஸ்பீக்கர், இன்புட் ஆகியவற்றின் எர்த் ஒயர்களைத் தனித்தனியாக அங்கே கொண்டுவாருங்கள். இன்புட் சாக்கெட்டின் வளையம் உலோகப் பெட்டியைத் தொடாதபடி வாஷர் போடுங்கள். வால்யூம் கண்ட்ரோலைத் தொட்டால் சத்தம் மாறுகிறதா? அதன் உலோக உடலை எர்த் செய்யவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் திருகைத் தளர்த்தி, கரண்டை ஒவ்வொரு முறையும் துண்டித்துவிட்டு, சிறிது சிறிதாகத் திருப்பி வைத்துக் கேளுங்கள். ஒரு கோணத்தில் ஹம்மிங் குறையும், அங்கே இறுக்கிவிடுங்கள். தலை புடைத்த கெப்பாசிட்டரை மாற்றியே ஆக வேண்டும்.

இரைச்சல் இல்லை, ஆனால் சத்தம் சரியில்லை

ஒரு பக்கம் ஊமையாக இருந்தால் சோர்ஸ் முனையில் இடது வலது ஆர்சிஏ பின்களை மாற்றிச் செருகுங்கள். ஊமை மறுபக்கத்துக்குத் தாவினால் கோளாறு சோர்ஸில். தாவாவிட்டால் கேபிளிலோ அதற்குப் பின்னாலோ. கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் பின்கள் கறுத்துத் தொடர்பு விட்டுப்போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பல நேரங்களில் உயிர் வந்துவிடும்.

டர்ன்டேபிள் ஒலி சன்னமாக, பேஸே இல்லாமல் கேட்டால் அதை ஃபோனோவுக்குப் பதில் லைன் இன்புட்டில் மாட்டியிருக்கிறீர்கள். சிடி பிளேயர் கரகரவென்று பிசிறினால் நேர்மாறாக, 2 வோல்ட் வரை தரும் அதை ஃபோனோவில் மாட்டியிருக்கிறீர்கள்.

இரண்டு ஸ்பீக்கரும் பாடுகின்றன, ஆனால் பேஸ் இல்லை, பாடகரின் குரல் நடுவில் நிற்கவில்லை என்றால் ஒரு ஸ்பீக்கரின் ஒயர் தலைகீழாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒயரைக் கழற்றி, அதன் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் சிவப்பு ஒயரில் படும்போது வூஃபரின் கூம்பு வெளிப்பக்கம் தள்ள வேண்டும்.

ஆப்டிகல் மாட்டியும் ஒலி வரவில்லையா? பிளக் முனையில் கண்ணாடிபோல் ஒட்டியிருக்கும் சிறிய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். மறுமுனையில் சிவப்பு ஒளி தெரிந்தும் ஒலி வராவிட்டால், டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். சிறிய டிஏசிகளுக்கு டால்பி புரியாது.

சோதனைப் பின் செருகியும் ஹம்மிங் நிற்காத ஆம்ப்ளிஃபையரை சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். அப்போது ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள்: சத்தம் ஒரு பக்கமா, இரு பக்கமுமா, வால்யூமோடு மாறுகிறதா, ஆன் செய்தவுடனா, சூடான பிறகா, இன்வெர்ட்டரிலும் வருகிறதா. மெக்கானிக் பெட்டியைத் திறந்ததும் எங்கே கை வைக்க வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.